கனகசெட்டிக்குளத்திலிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?

நம் கல்லூரியில் நாலு வருஷம் படித்த யாருக்கும் கனகசெட்டிக்குளம் என்ற பெயர் புதிதாக இருக்காது. காலாப்பட்டிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைப் பக்கமாகப் போனால் புதுச்சேரி எல்லையின் வடகோடியில் வரும் மீனவர் கிராமம். நம்மில் பலருக்கு அது பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த ஊர்.

இந்த மலரில் ஹாஸ்டல் கதைகளும் மெஸ் கதைகளும் ஆசிரியர்களைப் பற்றிய நினைவுகளும் நிறைய வரும். அவற்றை என்னைவிடச் சுவையாக எழுதுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் கணக்கு. கேள்வி இதுதான்: இப்படிப்பட்ட ஒரு கிராமத்தில் வாழ்கிறவருக்கு ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? கிலோமீட்டரில் பதில் சொல்வது சுலபம். ஆனால் கிலோமீட்டர் பாதிப் பதில்தான்.

எல்லைக்குள் எல்லை

முதலில் நம் ஊர் வரைபடத்தைப் பாருங்கள். புதுச்சேரி ஒரே துண்டாக இல்லை. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் சண்டை போட்டு, உடன்படிக்கை செய்து, கிராமம் கிராமமாகப் பிரித்துக்கொண்டதன் மிச்சம் இன்றும் இருக்கிறது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி சட்டப்படி இணைப்பு முடிந்தது. ஆனால் கோடுகள் அழியவில்லை. காலாப்பட்டுப் பகுதிக்கும் புதுச்சேரி நகரத்துக்கும் நடுவே கோட்டக்குப்பம் இருக்கிறது; அது தமிழ்நாடு. கனகசெட்டிக்குளத்துக்காரர் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமானால் புதுச்சேரியை விட்டு வெளியே போய் மறுபடியும் புதுச்சேரிக்குள் நுழையவேண்டும்.

இத்தனைக்கும் மருத்துவத்தில் புதுச்சேரி பின்தங்கிய ஊர் அல்ல. ஜிப்மர் தன் வரலாற்றை 1823-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து எண்ணுகிறது. 1956-இல் அது தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆயிற்று. 1964-இல் ஜிப்மர் என்ற பெயர் பெற்றது. 2008-இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. கோரிமேட்டு வாசலில் விடியற்காலையிலேயே விழுப்புரம், கடலூர், திண்டிவனம் என்று எல்லாத் திசையிலிருந்தும் வந்து வரிசையில் நிற்கும் ஜனங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆஸ்பத்திரியின் அருமை தெரியும். வடக்கே கணபதிசெட்டிக்குளத்திலும் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வந்துவிட்டது. ஆக, ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குப் பஞ்சம் இல்லாத ஊர் நம்முடையது.

அப்படியானால் பிரச்சினை எங்கே? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். கண்புரை விழுந்த அறுபத்தைந்து வயது அம்மா ஒருவர் டவுனுக்குப் போகிறார் என்று வையுங்கள். பார்வை மங்கல், தனியாகப் போக முடியாது. கூட மகன் வரவேண்டும். மகன் வந்தால் அன்றைக்குப் படகு ஏற முடியாது; கடலுக்குப் போகாத நாள் காசு இல்லாத நாள். இரண்டு பேருக்குப் பஸ் செலவு, மத்தியானச் சாப்பாடு, எந்தக் கவுண்ட்டரில் சீட்டு வாங்குவது என்ற குழப்பம், "நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டால் மறுபடியும் அதே செலவு. இலவசம் என்ற சொல் ஆஸ்பத்திரி வாசலில்தான் தொடங்குகிறது. வீட்டு வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஆகும் செலவு நோயாளியுடையது.

இது வெறும் ஊகம் அல்ல. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இலவசக் கண் முகாம்கள் ஏராளமாக நடந்துகொண்டிருந்த காலத்தில், அரவிந்த் கண் மருத்துவமனை தொடர்பான ஓர் ஆய்வு 1999-இல் வெளியானது. கண் சிகிச்சை தேவைப்பட்டவர்களில் சுமார் 7 சதவீதம் பேர்தான் முகாமுக்கு வந்திருந்தார்கள். முகாம் பக்கத்து ஊரில், சிகிச்சை இலவசம், இருந்தும் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேர் வரவில்லை. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ரோட்டோர வைத்தியம்

தூரத்தை நோயாளியின் தலையில் கட்டாமல் தானே சுமக்கத் துணிந்த ஆஸ்பத்திரிகளில் வேலூர் முக்கியமானது. டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு அங்கே வேலை தொடங்கினார். அடுத்த பத்தாண்டுக்குள்ளேயே அவருக்கு ஒன்று புரிந்துவிட்டது: ஆஸ்பத்திரியைப் பெரிதாக்கினால் மட்டும் கிராமம் வந்துவிடாது. வண்டியில் மருந்துப் பெட்டியை ஏற்றிக்கொண்டு குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட சாலையில் போய், மர நிழலில் நிறுத்தி வைத்தியம் பார்க்கும் வழக்கம் அப்படித்தான் வந்தது. அந்த நாளில், அந்த இடத்தில் டாக்டரம்மா இருப்பார் என்ற நம்பிக்கைதான் அங்கே பெரிய மருந்து. அதோடு நர்சுகளுக்கும், 1918-இலிருந்து பெண் மருத்துவர்களுக்கும் அங்கேயே பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். ஒரு டாக்டர் எத்தனை சாலையில்தான் போக முடியும்?

அரசாங்கமும் இதே திசையில் யோசித்தது. 1946-இல் போர் கமிட்டி ஆரம்ப சுகாதார நிலையம் என்ற யோசனையைச் சொன்னது. 1952-இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தில் அது உருவெடுத்தது. சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது பிற்பாடு வந்த அளவுகோல். 1978-இல் அல்மா அட்டாவில் கூடிய உலக நாடுகள் ஆரம்ப சுகாதாரமே அனைவருக்குமான வழி என்று அறிவித்தன. காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சிக்கல் மூன்று இடத்தில் வந்தது: பொருள், ஆள், பாதை. மூன்றுக்கும் நம் பக்கத்திலேயே பாடங்கள் உண்டு.

பொருள்

டாக்டர் கோ. வெங்கடசாமி அரசாங்க வேலையிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு கண் ஆஸ்பத்திரி தொடங்கினார். மூட்டு வாதத்தில் விரல்கள் வளைந்துபோன மனிதர். அந்தக் கையாலேயே ஆயிரக்கணக்கில் கண் ஆப்பரேஷன் செய்தவர். ஆஸ்பத்திரிக்கு அவர் வைத்த பெயர் நம் புதுச்சேரியில் வாழ்ந்து மறைந்த ஸ்ரீ அரவிந்தருடையது. 2003-இல் அந்த ஆஸ்பத்திரி தவளக்குப்பத்துக்கே வந்துசேர்ந்தது.

அந்தக் காலத்தில் கண்புரையை எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டி அனுப்புவார்கள். கண்ணாடி உடைந்தால் பார்வை போச்சு. கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைத்தால் நல்லது. ஆனால் வெளிநாட்டு லென்ஸ் ஒன்று நூறு டாலர் அளவில் விற்றது. 1992-இல் மதுரையில் ஆரோலேப் தொடங்கி, அதே லென்ஸைப் பத்து டாலருக்கும் கீழே கொண்டுவந்தார்கள். இன்று அது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. கொஞ்சம் பிளாஸ்டிக்தான் மூலப்பொருள். விலை இருந்தது தயாரிப்பு நுணுக்கத்தில். அந்த நுணுக்கத்தைக் கற்றுக்கொண்டதுதான் சாதனை.

இரண்டாவது பாடம் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-இல் அமைக்கப்பட்டு 1995-இல் வேலையைத் தொடங்கியது. மாநிலம் முழுமைக்கும் தேவையான அத்தியாவசிய மருந்துகளை ஒரே இடத்தில் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைப்பார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் பாஸ்புக் மாதிரி ஒரு பாஸ்புக். அதில் வருஷத்துக்கு இத்தனை ரூபாய் என்று வரவு வைத்திருப்பார்கள். தன் ஊருக்கு எந்த மருந்து வேண்டுமோ அதை அந்த ஆஸ்பத்திரியே கணக்குப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். விற்பனைக்கல்ல என்று மாத்திரை அட்டையிலேயே அச்சடித்திருப்பதால் வெளியே கடத்தி விற்பதும் கடினமாயிற்று. கம்ப்யூட்டர் அபூர்வமாக இருந்த நாட்களிலேயே கிடங்குச் சரக்கைக் கம்ப்யூட்டரில் கண்காணித்தார்கள். பிற்பாடு கேரளம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்கள் இதே மாதிரியைப் பின்பற்றின. இதில் புது விஞ்ஞானக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஒழுங்கு இருந்தது, அவ்வளவுதான்.

இதே கதை கடல் தாண்டியும் நடந்தது. 2001-இல் சிப்லா கம்பெனி, ஆப்பிரிக்காவை வாட்டிக்கொண்டிருந்த எய்ட்ஸ் நோய்க்கான மூன்று மருந்துக் கூட்டை ஓர் ஆளுக்கு வருஷத்துக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. மேலைநாட்டுக் கம்பெனிகளின் விலை அப்போது பத்தாயிரம் டாலருக்கு மேல். உலகமே அதிர்ந்துபோனது. ஆனால் மாத்திரை மலிவானதும் அடுத்த கேள்வி எழுந்தது: தலைநகரிலிருந்து இரண்டு நாள் நடையில் இருக்கும் கிராமத்துக்கு இதை மாதாமாதம் கொண்டுபோய்க் கொடுப்பவர் யார்?

ஆள்

அந்தக் கேள்விக்கு எத்தியோப்பியா 2003-இல் ஒரு பதில் சொன்னது. பத்தாவது வரை படித்த பெண்களை அந்தந்த ஊரிலிருந்தே எடுத்து, ஒரு வருஷம் பயிற்சி கொடுத்து, சுமார் 5,000 பேர் கொண்ட ஒவ்வொரு கிராமப் பகுதிக்கும் இரண்டு பேர் வீதம் அரசுச் சம்பளத்தில் நியமித்தார்கள். இப்படி 30,000-க்கும் மேற்பட்ட சுகாதாரப் பணியாளர்கள். தடுப்பூசி, பிரசவ கவனிப்பு, மலேரியா, சுத்தமான கழிப்பறை எல்லாம் அவர்கள் பொறுப்பு. டாக்டர்களை அந்த எண்ணிக்கையில் உருவாக்க அந்த நாட்டுக்கு நீண்ட காலம் ஆகியிருக்கும்.

நம் ஊர் கிராம சுகாதார செவிலியரைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி என்று விரல் நுனியில் வைத்திருப்பவர் அவர்தான். அரவிந்தும் இதையே செய்தது. கிராமத்துப் பெண் பிள்ளைகளை எடுத்து இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்து, பார்வை சோதிப்பது, கண்ணழுத்தம் பார்ப்பது, ஆப்பரேஷனுக்குத் தயார் செய்வது எல்லாவற்றையும் அவர்கள் கையில் கொடுத்தது. டாக்டர் செய்தே ஆகவேண்டிய வேலையை மட்டும் டாக்டர் செய்வார். நம் பாஷையில் சொன்னால், அசெம்பிளி லைன்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த வரிசையில் அடுத்தது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்குமான மாத்திரையை வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். மருந்தை மலிவாக வாங்கும் ஏற்பாடும், அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்க ஓர் ஆளும், இரண்டும் சேர்ந்தால்தான் இது நடக்கும். அதற்கு 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்தது.

பாதை

இனி நம் துறைக்கு வருகிறேன். மேலே சொன்ன 7 சதவீத ஆய்வுக்குப் பின் அரவிந்த்காரர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். எப்போதாவது ஒரு நாள் நடக்கும் முகாமுக்குப் பதில், தினமும் திறந்திருக்கும் சின்னக் கண் மையம். சுமார் 50,000 ஜனத்தொகைக்கு ஒன்று. அங்கே பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கண்ணைச் சோதிப்பார். ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியிடம் பேசி முடிவு சொல்வார். 2004-இல் தேனிப் பக்கம் ஆரம்பித்தபோது அந்தக் கிராமங்களில் நம்பகமான இன்டர்நெட் கிடையாது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சிக் குழுவினர் சாதாரண வைஃபை ரூட்டரை எடுத்து, அதன் மென்பொருளைத் திருத்தி, திசை நோக்கிய ஆன்டெனா பொருத்தி, பல கிலோமீட்டர் தூரத்துக்கு வேலை செய்ய வைத்தார்கள். அறைக்குள் ஓடவேண்டிய சாதனம் ஊர் விட்டு ஊர் பேசியது.

ஆனால் இதில் நான் வியப்பது அந்த ரேடியோ வித்தையை அல்ல. கொஞ்ச நாளில் இணைப்புகள் அடிக்கடி செத்துப்போயின. காரணம் தேடியபோது குற்றவாளி ரேடியோ அல்ல, கரண்ட். கிராமத்து மின்சாரத்தில் ஆயிரம் வோல்ட் வரை எகிறும் அதிர்வுகள். சில நேரம் எழுபது வோல்ட்டுக்கு இறங்கிவிடும் தாழ்வுகள். போர்டுகள் எரிந்தன, மெமரி கெட்டது. 2008-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் இதையெல்லாம் ஒளிக்காமல் எழுதினார்கள். தீர்வும் இரண்டாக இருந்தது. ஒன்று, மின்சாரத்தைச் சீர்செய்யும் மலிவான சாதனம். மற்றது, பழுது பார்ப்பதை உள்ளூர் ஊழியர்களுக்கே கற்றுக்கொடுத்தது. பெர்க்லிக்காரர்கள் விமானம் ஏறிய பிறகும் இணைப்பு உயிரோடு இருந்ததற்கு இரண்டாவதுதான் காரணம். இன்று அந்தக் கண் மையங்கள் நூறைத் தாண்டிவிட்டன.

இதனோடு இன்னொரு பெரிய முயற்சியை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2004-இல் அப்துல் கலாம் ஜனாதிபதியாக இருந்தபோது தென்னாப்பிரிக்காவில் கூடிய ஆப்பிரிக்கப் பாராளுமன்றத்தில் ஒரு யோசனை சொன்னார்: செயற்கைக்கோளும் ஃபைபரும் கொண்டு ஆப்பிரிக்க நாடுகள் எல்லாவற்றையும் இந்தியாவின் பல்கலைக்கழகங்களோடும் ஆஸ்பத்திரிகளோடும் இணைப்பது. 2009 பிப்ரவரியில் அது செயலுக்கு வந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்தன. அந்த நாட்டு டாக்டர்கள் சென்னை நிபுணர்களிடம் திரையில் ஆலோசனை கேட்க முடிந்தது. நமக்கெல்லாம் பெருமையான காரியம்தான். ஆனால் அதன் அமைப்பு, நாட்டுக்கு ஓர் ஆஸ்பத்திரி. கம்பி பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் போயிற்று. அங்கிருந்து கிராமம் வரைக்கும் உள்ள தூரம் அந்தத் திட்டத்தின் கணக்கில் இல்லை. 2017-இல் முதல் திட்டம் முடிந்து, அதன் பிறகு வேறு வடிவில் தொடர்ந்தது.

தேனியில் கம்பி சின்னது; ஆனால் அதன் கிராமத்து முனையில் கண்ணைப் பார்க்கத் தெரிந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். எத்தியோப்பியாவில் முனையில் ஆள் இருந்தார். கம்பி பிறகு வந்தால் போதும். வரலாறு நமக்குச் சொல்வது இதுதான்: மேலிருந்து கீழே வரும் பாதையும், கீழே நிற்கும் ஆளும், அவர் கையில் வேலை செய்யும் பொருளும், மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கும்போதுதான் தூரம் குறைகிறது. ஒன்று குறைந்தால் மற்ற இரண்டும் வீண்.

பழுதான பெட்டிகள்

"வேலை செய்யும் பொருள்" என்று அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வளரும் நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் உள்ள மருத்துவக் கருவிகளை எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வு 2011-இல் வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகளில் சுமார் 40 சதவீதம் வேலை செய்யவில்லை. டியூக் பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியர் ராபர்ட் மால்கின் குழுவினர் அதற்கு முந்தைய வருஷம் இன்னொன்றும் கண்டுபிடித்திருந்தார்கள். ஏழை நாட்டு ஆஸ்பத்திரிகளில் பழுதாகிக் கிடந்த கருவிகளில் மூன்றில் இரண்டு பங்கை, வெளிநாட்டு உதிரிப்பாகம் எதுவும் இல்லாமல், அடிப்படைத் திறமைகளை மட்டும் வைத்தே மறுபடி ஓட வைக்க முடிந்தது. பிளக் மாற்றுவது, ஃபியூஸ் மாற்றுவது, அடைப்பை எடுப்பது, பேட்டரி பார்ப்பது, எப்படி இயக்குவது என்று சொல்லிக்கொடுப்பது. நம் டிப்ளமோ பசங்களே செய்துவிடுவார்கள்!

இந்த இடத்தில்தான் கட்டுரை நம் வீட்டுக்கு வருகிறது. ஃபைனல் இயர் புராஜெக்ட் என்றால் டெலிமெடிசின், நாடி பார்க்கும் கருவி, செயலி என்று நாட்டிலுள்ள எல்லாப் பொறியியல் கல்லூரிகளிலும் வருஷாவருஷம் செய்கிறார்கள். டெமோ நாளன்று எல்லாம் ஓடும். அடுத்த நாள் அலமாரிக்குப் போகும். கிராமத்துக்குப் போய் ஒரு வருஷம் ஓடியது எத்தனை என்று கேட்டால்தான் தேனிக்கும் டெமோவுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

எனவே நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. பெரிய நிதி வேண்டாம், கட்டடம் வேண்டாம், கல்வெட்டு வேண்டாம். சுகாதாரத் துறையின் அனுமதியோடு, நம் கல்லூரியைச் சுற்றியுள்ள கடலோர கிராமங்களின் சுகாதார நிலையங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தரம் முன்னாள் மாணவர்கள் இரண்டு பேரும் இன்றைய மாணவர்கள் நாலு பேரும் போகட்டும். தடுப்பூசி வைக்கும் ஃபிரிட்ஜ் இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் நிற்கிறதா, ஸ்டெபிலைசர் ஓடுகிறதா, எர்த் சரியா, பிரஷர் பார்க்கும் கருவி சரியாகக் காட்டுகிறதா, குழந்தை எடை மெஷின் பொய் சொல்கிறதா, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்கட்டும். பார்த்ததை ஒரு நோட்டில் எழுதட்டும். செவிலியரிடம், "உங்களுக்கு எது தொல்லை கொடுக்கிறது?" என்று கேட்கட்டும். அவர் சொல்கிற பதிலே அடுத்த வருஷத்து புராஜெக்ட் தலைப்பாக இருக்கட்டும்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. ஒரு முறை போய்ப் போட்டோ எடுத்துக்கொண்டு வருவதானால் போகாமலே இருக்கலாம். வேலூர் டாக்டரம்மாவின் வண்டிக்காக ஜனங்கள் மரத்தடியில் காத்திருந்தது, சொன்ன நாளில் அது வரும் என்பதால். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு தரம். மழையானாலும் வெயிலானாலும், நிர்வாகக் குழு மாறினாலும்.

நாம் படித்த நாளில் புதுவைப் பொறியியல் கல்லூரி. 2020-இலிருந்து அது புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். பெயர் வளர்ந்துவிட்டது, மகிழ்ச்சி. கனகசெட்டிக்குளத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் உள்ள கிலோமீட்டரை நம்மால் குறைக்க முடியாது. ஆனால் துணை சுகாதார நிலையத்தில் ஒரு ஃபிரிட்ஜ் ஓடினால் ஒரு தாய் கைக்குழந்தையோடு பஸ் ஏறவேண்டாம். ஒரு பிரஷர் கருவி சரியாகக் காட்டினால் ஒரு மீனவர் ஒரு நாள் கடலை இழக்கவேண்டாம். அந்த அளவுக்குத் தூரம் குறைந்தால் அது நம் படிப்புக்குப் போதுமான மரியாதை என்று நினைக்கிறேன். யோசனையில் குறை இருந்தால் பொதுக்குழுவில் எழுந்து சொல்லுங்கள். சரி என்று பட்டால் முதல் நோட்டில் உங்கள் பெயரை எழுதுங்கள்.